நிறுத்தச் சொன்ன தாள்

குன்னத்துகால்
19 மார்ச் 2025

அன்புள்ள டெல்னா,

பதின்மூன்று நாட்களாக நான் அனுப்பும் எதுவும் உனக்கு வந்து சேரவில்லை. என் எண்ணைத் தடுத்து வைத்திருக்கிறாய். வீட்டுக்காரன் ஜித்தினின் போனிலிருந்து ஒருமுறை கூப்பிட்டேன், என் குரல் கேட்டதும் வைத்துவிட்டாய். அதனால் தபாலில் எழுதுகிறேன். மகள் ஜீனாவின் பிறந்தநாளுக்கு நீ பொம்மை அனுப்பிய அட்டைப்பெட்டியில் உன் பெங்களூர் விலாசம் இருந்தது.

உன் அப்பாவின் அடக்கத்துக்கு நான் வரவில்லை. அன்று லீவு போட்டு, சேலை உடுத்து, பாறசாலை வரை வந்தேன். உங்கள் பொழியூருக்கு பஸ் இரண்டு போயின. ஏறவில்லை. வீட்டுக்குத் திரும்பி வந்துதான் அந்தச் செய்தியை உனக்கு அனுப்பினேன்.

அது நான் எழுதியது இல்லை என்று உனக்குத் தெரிந்துவிட்டது, இல்லையா? "ஈடுசெய்ய இயலாத இழப்பால் துயருறும் தங்களுக்கும் தங்கள் குடும்பத்தினருக்கும்" என்று தொடங்கும். பதினைந்து வருடமாக உன்னை நீ, வா, போ என்று கூப்பிட்ட எவளாவது "தங்கள்" என்று எழுதுவாளா? முதலில் நானாகத்தான் எழுத உட்கார்ந்தேன். "டெல்னா, அப்பா" என்று இரண்டு சொல் எழுதினேன், அழித்தேன். மறுபடி அதே இரண்டு சொல். பிறகு ஏ.ஐ. செயலியைத் திறந்து, தோழியின் தகப்பன் இறந்துபோனார், ஆறுதல் எழுதித் தா என்று கேட்டேன். ஆஸ்பத்திரியில் நாள் முழுக்க அப்படிக் கேட்டுக் கேட்டு விரல் பழகிவிட்டது. அது எழுதித் தந்ததைப் படித்துக்கூடப் பார்க்காமல் அனுப்பினேன்.

மன்னித்துவிடு. நம் பள்ளிக்கூடத்துக்கு வரும்போதெல்லாம் என் தலையிலும் ஒரு தட்டு தட்டிவிட்டுப் போகிற மனிதர் அவர். அவருக்காக என்னால் ஒரு வரி எழுத முடியவில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இந்தக் கடிதத்தில் முடியவில்லை.

ஜெஸ்மி


பெங்களூர்
2 ஏப்ரல் 2025

ஜெஸ்மிக்கு,

முதல் வரியிலேயே தெரிந்தது. ஒரு நாளைக்கு நாற்பது மின்னஞ்சல் அதே செயலியில் எழுதுகிறவள் நான். கோபித்துக்கொண்ட வாடிக்கையாளருக்கு, வேலையை விட்டுப் போகிறவனுக்கு, ஆள் செத்த வீட்டுக்கு என்று எல்லோருக்கும் அது இதே குரலில்தான் எழுதும். அப்பாவின் சவப்பெட்டியை வீட்டிலிருந்து எடுத்த அரைமணி நேரத்துக்குள் உன் செய்தி வந்தது. அம்மா என் தோளில் சாய்ந்திருந்தார். "யாரு மக்கா, ஜெஸ்மியா? வாறாளா?" என்று கேட்டார். இல்லை, கம்பெனியிலிருந்து என்று சொன்னேன்.

அது போகட்டும். இப்போது எழுதுவது வேறு காரியத்துக்கு.

மார்ச் இரண்டாம் தேதி காலையில் அப்பா பல் தேய்க்கப் போனவர், பிரஷ் கையிலிருந்து விழ, அதை எடுக்கக் குனிந்து அப்படியே சரிந்தார். வலது பக்கம் முழுக்கப் போய்விட்டது. திருவனந்தபுரத்துக்குக் கொண்டுபோனபோது அங்கிருந்த டாக்டர் கேட்ட முதல் கேள்வி, "இதயத்தில் வால்வு மாற்றிய ஆள், ரத்தம் உறையாமல் இருக்கக் கொடுக்கும் குளிகையை யார் நிறுத்தச் சொன்னது?" தம்பி மெல்பின் உங்கள் ஆஸ்பத்திரித் தாளை நீட்டினான். டாக்டர் இங்கிலீஷ் தாளைப் படித்துவிட்டு, "இதில் நிறுத்தச் சொல்லவில்லையே, நான்கு நாள் கழித்துத் திரும்பத் தொடங்கத்தானே சொல்லியிருக்கிறது" என்றார். மெல்பின் தமிழ்த் தாளை நீட்டினான். அவருக்குத் தமிழ் தெரியாது. மூன்று நாள் கழித்து அப்பா போனார்.

என் வீட்டில் இங்கிலீஷ் தாளை யாரும் படிக்கவில்லை. அப்பாவுக்கும் அம்மாவுக்கும் தமிழ்தான் படிக்கத் தெரியும் என்று உனக்குத் தெரியும். தமிழ்த் தாளின் நகலை இத்துடன் வைத்திருக்கிறேன். நான்காவது வரியைப் பார். "வார்ஃபரின் குளிகையை நிறுத்தவும்." அவ்வளவுதான். பிப்ரவரி பதிமூன்றாம் தேதி திரும்பத் தொடங்க வேண்டும் என்பது எங்கும் இல்லை.

முன்பெல்லாம் அந்தத் தாளை நீ கையால் எழுதுவாய். இது அச்சில் இருக்கிறது. எழுதியது யார்? ஒரு சொல்லில் பதில் போதும்.

டெல்னா


குன்னத்துகால்
24 ஏப்ரல் 2025

டெல்னா,

நான்தான்.

ஒரு சொல் போதும் என்றாய், அது இதுதான். அதை எழுத எனக்கு மூன்று வாரம் ஆயிற்று. துக்கவெள்ளி ஆராதனைக்குப் போய் கடைசி பெஞ்சில் இருந்தேன். பாட்டுப் புத்தகத்தைத் திறக்கவே இல்லை.

எல்லாவற்றையும் எழுதுகிறேன், மெல்பினுக்கும் காட்டு.

எங்கள் ஆஸ்பத்திரியில் நோயாளியை அனுப்பும்போது டாக்டர் எழுதிய இங்கிலீஷ் தாளும், மலையாளத்தில் அச்சடித்த ஒரு பொதுத் தாளும் கொடுப்பார்கள். தமிழ் மட்டும் படிக்கிறவர்களுக்கு ஒன்றும் கிடையாது. எல்லை தாண்டி ஊரம்பிலிருந்தும் கொல்லங்கோட்டிலிருந்தும் வருகிற பாதிப் பேர் அப்படித்தான். "பிள்ளே, இதுல என்னதான் கெடக்கு?" என்று என் டிஸ்சார்ஜ் மேசைக்கு முன்னால் வந்து நிற்பார்கள். பார்க்கப் பாவமாக இருக்கும். யாரும் சொல்லாமலே நான் தமிழில் எழுதிக் கொடுக்கத் தொடங்கினேன். ஒன்றுக்கு இருபது நிமிடம் ஆகும். நாளுக்குப் பத்துப் பன்னிரண்டு. வீட்டுக்கு வரும்போது ஜீனா தூங்கியிருப்பாள்.

போன ஓணத்துக்கு நீ வந்தபோது பாறசாலையில் அந்த பேக்கரியில் வைத்து என் போனை வாங்கி, செயலியை இறக்கித் தந்தாய். எனக்குப் பயமாக இருந்தது. எந்தப் பொத்தானை அமுக்குவது, என்ன மொழியில் கேட்பது, ஒன்றும் தெரியவில்லை. நீ சிரித்தாய். "பக்கத்துல ஒரு ஆளு இருக்குன்னு நெனச்சுக்கோ. மனுசரிட்டச் சொல்லதுபோலச் சொல்லு. பேரை மட்டும் மறைச்சிரு. அது தருததை ஒருக்கா வாசிச்சுப் பாரு, அவ்வளவுதான்" என்றாய்.

வாசித்துத்தான் பார்த்தேன். செப்டம்பர், அக்டோபர் முழுக்க இங்கிலீஷ் தாளை இடப்பக்கம் வைத்து, விரல் வைத்து வரிக்கு வரி பார்த்தேன். ஒரு தப்பும் இல்லை. என்னைவிட நல்ல தமிழ். நவம்பரில் பாதி பார்த்தேன். டிசம்பரில் பெயரும் தேதியும் மட்டும். ஐந்தரைக்கு வீட்டில் இருந்தேன். ஜீனாவுக்குத் தலை பின்னி விட்டேன். உனக்கு நன்றி சொல்லி ஒரு குரல்செய்தி அனுப்பினேனே, நினைவிருக்கிறதா.

தாள் நீளமாக இருக்கிறது, வயதானவர்களுக்குக் குழப்பம் என்று ஒரு நர்ஸ் சொன்னாள். அன்றிலிருந்து நான் கேட்கிற விதத்தை மாற்றினேன். "எளிய தமிழில், ஒரே பக்கத்தில், முக்கியமானதை மட்டும் சுருக்கமாக எழுது."

பிப்ரவரி எட்டாம் தேதி உன் அப்பாவின் தாளையும் அப்படித்தான் கொடுத்தேன். தையல் போட்ட கால் காயத்தில் ரத்தம் கசிந்ததால் பன்னிரண்டு வரை வார்ஃபரின் வேண்டாம், பதிமூன்று முதல் பழைய அளவில் தொடங்க வேண்டும், பதினேழில் ரத்தப் பரிசோதனை என்று டாக்டர் மூன்று வரி எழுதியிருந்தார். செயலி அதைச் சுருக்கி ஒரு வரியாக்கியது. நான் அச்சடித்தேன். அப்பா மேசைக்கு எதிரே நாற்காலியில் இருந்தார். "உனக்க எழுத்து எங்க பிள்ளே, எல்லாம் அச்சாயிட்டே" என்று கேட்டார். இப்போது எல்லாம் அப்படித்தான் மாமா என்றேன். தாளைப் படித்துக் காட்டியதும் நான்தான். படித்துக் காட்டும்போதுகூட எனக்கு உறைக்கவில்லை.

அவர் இறந்த அன்று காலையில் ஆஸ்பத்திரியில் பேசிக்கொண்டார்கள். நான் போய்ப் பழைய தாள்களை எடுத்துப் பார்த்தேன். அதனால்தான் பஸ்ஸில் ஏற முடியவில்லை.

ஜெஸ்மி


பெங்களூர்
3 மே 2025

ஜெஸ்மி,

அடக்கத்தன்றே உனக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்துகொண்டு, அந்தச் செயலியிடமே ஆறுதலும் எழுதி வாங்கி அனுப்பியிருக்கிறாய். முதல் கடிதத்தில் பொம்மைப் பெட்டியைப் பற்றி எழுதினாய். இதை எழுதவில்லை.

நான் சொல்லிக் கொடுத்ததை ஒரு பத்தி எழுதியிருக்கிறாய். எதற்கு? "ஒருக்கா வாசிச்சுப் பாரு" என்று சொன்னேன் என்று நீயே எழுதியிருக்கிறாய். டிசம்பரில் பெயரும் தேதியும் மட்டும் பார்க்கச் சொன்னேனா? என் வேலையில் ஒரு வரி விட்டுப்போனால் ஒரு பார்சல் தாமதமாகும். உன் வேலையில் என்ன ஆகும் என்று நான் சொல்லித்தான் உனக்குத் தெரிய வேண்டுமா?

அப்பாவுக்கு அறுபத்தாறு வயது. பதினோரு வருடம் ஒருநாள் விடாமல் அந்தக் குளிகையைத் தின்றவர். கடலுக்குப் போகும்போதும் பிளாஸ்டிக் கவரில் சுற்றி இடுப்பில் வைத்துக்கொண்டு போவார்.

மெல்பின் புகார் எழுதிக் கொடுத்திருக்கிறான். உங்கள் ஆஸ்பத்திரி, இங்கிலீஷ் தாள் சரியாக இருக்கிறது, தமிழ்த் தாள் தாங்கள் கொடுத்ததே இல்லை என்று பதில் அனுப்பியிருக்கிறது. கொடுத்ததே இல்லையாம். நீ செயலியிடம் என்ன கேட்டாய், அது என்ன தந்தது என்ற பதிவு உன் போனில் இருக்கும். அது வேண்டும். அதை அச்சடித்து மெல்பினிடம் கொடு. விசாரணையில் வந்து உன் வாயால் சொல்.

செய்வாயா மாட்டாயா என்று எழுது. வேறு எதுவும் எழுதாதே.

டெல்னா


குன்னத்துகால்
30 மே 2025

டெல்னா,

செய்துவிட்டேன்.

உன் கடிதம் வருவதற்கு முன்பே நிர்வாகி ஜெனில் சார் என்னை அறைக்குக் கூப்பிட்டார். கதவைச் சாத்தினார். சத்தம் போடவில்லை, சாயா வாங்கித் தந்தார். "ஜெஸ்மி, ஒபிஷியல் பேப்பர் இங்கிலீஷாக்கும். தமிழ்த் தாள் நீ ஒனக்க இஷ்டத்துக்குக் குடுத்தது. அதை ஒக்க போனுலேருந்து களஞ்சிரு. உனக்கும் ஒரு பிள்ளை உண்டுல்லா" என்றார். ஆறு மாதம் அந்தத் தாள்களைப் பார்த்து, ஜெஸ்மி வந்தபிறகு டிஸ்சார்ஜ் வேகமாக நடக்கிறது என்று கூட்டத்தில் பாராட்டியவரும் அவர்தான்.

நான் எதையும் அழிக்கவில்லை. காரக்கோணம் சந்தியில் ஒரு கடையில் எல்லாவற்றையும் அச்சடித்தேன். பன்னிரண்டு பக்கம். மெல்பினைக் கூப்பிட்டுக் கொடுத்தேன். அவன் வாங்கிக்கொண்டு, என் முகத்தைப் பார்க்காமல், "அக்கா" என்றான். வண்டியை எடுத்தான். மறுநாள் எழுத்துமூலம் நான்தான் தயாரித்தேன் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். அதற்கடுத்த திங்கட்கிழமை வேலை போயிற்று. ஜித்தின் என்னோடு பேசுவதைக் குறைத்துவிட்டான். "பறயாம இருந்தா ஒருத்தரும் அறிஞ்சிருக்க மாட்டாவ" என்று ஒருதரம் சொன்னான். திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

வேறு எதுவும் எழுதாதே என்றாய். இதை எழுதாமல் இருக்க முடியாது.

இருபத்தேழாம் தேதி பொழியூருக்குப் போனேன். உன் அம்மாவைப் பார்த்தேன். மெலிந்து, கழுத்தில் ஜெபமாலை மட்டும் பெரிதாகத் தெரிகிறது. என்னை உள்ளே கூப்பிட்டு இருக்கச் சொன்னார். நான் எல்லாம் சொன்னேன், செயலி, தாள், விட்டுப்போன வரி. அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். பிறகு கேட்டார்: "மக்கா, நாந்தானே குளிகையெல்லாம் எடுத்துக் குடுப்பேன். நாந்தானே அந்த ஒண்ணை மாத்தி வச்சேன். அதுனாலயா?"

இல்லை மாமி, தாளில் தப்பாக எழுதியது நான் என்றேன்.

"நீ எனக்கு ஆசுவாசத்துக்குச் சொல்லுதே" என்றார்.

நான் மூன்றுமுறை சொன்னேன். நம்பவில்லை. மீதமிருந்த குளிகைகளை ஒரு சின்ன டப்பாவில் போட்டுச் சாமி படத்துக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறார். எண்ணிப் பார்த்தாராம், பதினேழு நாள் கொடுக்கவில்லை என்றார். கணக்குச் சரிதான், பிப்ரவரி பதிமூன்றிலிருந்து மார்ச் ஒன்று வரை. அவர் சரியாகச் சாப்பிடுவதில்லை என்று பக்கத்து வீட்டு பிரேமகுமாரி அக்கா என்னைப் படிக்கட்டு வரை கூட்டிவந்து சொன்னார்.

நான் சொன்னால் நம்பமாட்டேன் என்கிறார். நீ வந்து சொல்.

ஜெஸ்மி


பெங்களூர்
14 ஜூன் 2025

ஜெஸ்மி,

உன் கடிதத்தை மேசை டிராயருக்குள் வைத்துவிட்டு ஒரு வாரம் அலுவலகம் போய் வந்தேன். இன்று சனிக்கிழமை. எழுதிவிடுகிறேன்.

பிப்ரவரி பதினான்காம் தேதி அப்பா என்னைக் கூப்பிட்டார். மதியம் பன்னிரண்டு மணி இருக்கும். நான் மீட்டிங்கில் இருந்தேன், வெளியே வந்து எடுத்தேன். "மக்கா, அந்தச் சின்னக் குளிகை இனி வேண்டாம்ணு தாளுல கெடக்கு. மெடிக்கல் காலேஜ் டாக்டரு சாகுற வரைக்கும் திங்கணும்ணுல்லா சொன்னாரு. எனக்கு என்னமோ செரியாத் தோணல்ல. நீ ஒண்ணு கேட்டுப் பாரு" என்றார்.

ஜெஸ்மியிடம் கேள், டாக்டரிடம் கேள் என்று நான் சொல்லியிருக்கலாம். உனக்குக் கூப்பிட எனக்கு ஒரு நிமிடம் ஆகியிருக்கும். உன் எண் அப்போது என் போனில் முதலாவதாக இருந்தது.

தாளைப் படம் பிடித்து அனுப்பச் சொன்னேன். அம்மா தமிழ்த் தாளை மட்டும் பிடித்து அனுப்பினார். நான் அதைச் செயலியில் போட்டு, வார்ஃபரினை நிறுத்த வேண்டுமா என்று கேட்டேன். வால்வு மாற்றியவர் என்று சொல்லவில்லை. மீட்டிங்கில் என் முறை வந்துகொண்டிருந்தது. அது உடனே பதில் தந்தது. இந்தத் தாளின்படி நிறுத்த வேண்டும் என்றது. கீழே இன்னொரு வரி இருந்தது, மருத்துவரிடம் உறுதி செய்துகொள்ளுங்கள் என்று. தலைவலி என்று கேட்டாலும் அது அந்த வரியைப் போடும். அந்த வரியைப் படிப்பதை நான் எப்போதோ விட்டுவிட்டேன்.

அப்பாவைக் கூப்பிட்டு, "நிறுத்தத்தான் சொல்லியிருக்கு அப்பா, நான் நல்லாப் பாத்தாச்சு" என்றேன்.

"செரி மக்கா. நீ பாத்தா செரிதான்" என்றார். பிறகு, சாப்பிட்டியா என்று கேட்டார்.

அன்று ஒரு நாள்தான் தாமதம் ஆகியிருந்தது. ஒரே ஒரு குளிகை. அன்று மாலையே தொடங்கியிருந்தால் அவர் இன்று இருந்திருப்பார்.

தாளை எழுதியது யார் என்று உன்னிடம் கேட்டபோது இது எனக்குத் தெரியும். உன்னைத் திட்டி எழுதியபோதும் தெரியும். பதிவைக் கொண்டுவா, விசாரணையில் சொல் என்று உன்னை அனுப்பியபோதும். என் போனில் இருந்த பதிவை நான் மார்ச் நான்காம் தேதி, அப்பா ஐசியுவில் இருக்கும்போது, வெளியே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து அழித்தேன். உன்னிடம் ஜெனில் சார் சொன்னதை நான் யாரும் சொல்லாமலே செய்தேன்.

அம்மாவுக்குத் தெரியாது. மெல்பினுக்குத் தெரியாது. படம் எதற்கு என்று அம்மா கேட்கவில்லை, சும்மா பார்ப்பதற்கு என்று நினைத்திருப்பார்.

அம்மாவிடம் வந்து சொல் என்கிறாய். எதைச் சொல்ல?

டெல்னா


குன்னத்துகால்
25 ஜூன் 2025

டெல்னா,

உன் கடிதம் வந்தபோது மழை. தபால்காரர் சட்டைக்குள் வைத்துக் கொண்டுவந்து தந்தார். நின்றபடியே படித்தேன்.

எனக்கு முதலில் வந்தது கோபம்தான், பொய் சொல்லப் போவதில்லை. மூன்று மாதம் நான் மட்டும் செய்ததாக நினைத்து எழுந்து, நினைத்துப் படுத்தேன். கோயிலில் என் பெஞ்சில் யாரும் வந்து இருப்பதில்லை. நீ அங்கிருந்து, செய்வாயா மாட்டாயா என்று எழுதினாய்.

கோபம் இரண்டு நாள் இருந்தது. பிறகு கோபமும் போய்விட்டது. அது இருந்தபோது கொஞ்சம் பலமாக இருந்தேன்.

தப்பு என்னிடமிருந்துதான் தொடங்கியது. உன் கடிதத்தால் அது மாறவில்லை. அந்தத் தாளில் சரியாக எழுதியிருந்தால் அவர் உன்னைக் கூப்பிட்டிருக்கவே மாட்டார். அதை நான் யாருக்கும் பங்கு வைக்க முடியாது. உன்னுடையதையும் நான் வாங்கிக்கொள்ள முடியாது.

ஆனால் உன் அம்மா, தான் எடுத்துக் கொடுக்காததால் போனார் என்று நினைத்து உயிரோடு காய்கிறார். அவர் அதை நினைக்கத் தேவையில்லை என்று நிரூபிக்க உன்னால் மட்டும்தான் முடியும். என்ன சொல்ல என்று கேட்டாய். எனக்கு எழுதியதை அப்படியே சொல். செயலியிடம் கேட்டு எழுதிக்கொண்டு போகாதே.

ஜெஸ்மி


பொழியூர்
20 ஜூலை 2025

ஜெஸ்மி,

வீட்டிலிருந்து எழுதுகிறேன். பத்து நாள் லீவில் வந்தேன். எட்டு நாள் சொல்லாமலே கடத்தினேன். மீன் நறுக்கினேன், துணி துவைத்தேன், அப்பாவின் சட்டைகளை மடித்து ஷீஜா சித்தியிடம் கொடுத்தேன். நேற்று அம்மாவோடு கல்லறைக்குப் போய்த் திரும்பும் வழியில், கடற்கரைச் சுவரோரம், சொன்னேன். நீ சொன்னபடி அப்படியே.

அம்மா நடப்பதை நிறுத்தவில்லை. நானும் கூடவே நடந்தேன். கேட்டதா இல்லையா என்றுகூடத் தெரியவில்லை. வீட்டு வாசல் வந்ததும் படியில் இருந்தார். "ஒங்கிட்டயும் கேட்டாரா?" என்றார்.

எனக்குப் புரியவில்லை.

"எங்கிட்டயும் கேட்டாரு. தெனமும் கேட்டாரு. 'பிரான்சிஸ்கா, அந்தக் குளிகை எங்கடீ'ன்னு குளிகைத் தட்டைக் கெளறிப் பாப்பாரு. நான் சொல்லுவேன், படிச்சவிய அச்சடிச்சுத் தந்திருக்காவ, அவிய அறியாததா ஒமக்கு அறியும், சும்மா தின்னும்ணு. நீ பாத்துச் சொன்னேன்னு இப்ப சொல்லுதியே, அதுக்குப் பெறகும் நாலைஞ்சு நாளு கேட்டாரு. பெறவு கேக்கல்ல."

அவ்வளவுதான். அழவில்லை. அப்பாவுக்குத் தெரிந்திருக்கிறது, ஜெஸ்மி. ஆறாம் வகுப்போடு நின்ற மனிதர், தன் உடம்பை வைத்துச் சரியாகச் சொல்லியிருக்கிறார். நாம் மூன்று பேரும் தாளைப் பார்த்து அவர் வாயை அடைத்திருக்கிறோம்.

அம்மாவுக்கு இதில் ஆசுவாசம் ஒன்றும் கிடைக்கவில்லை. இருந்ததையும் நான் கெடுத்தேன். முன்பு அப்பாவை நினைத்து அழுதார். இப்போது என்னையும் பார்த்து அழ வேண்டியிருக்கிறது.

இன்று காலையில் என்னை அடுக்களைக்குக் கூப்பிட்டு, "மெல்பினிட்டச் சொல்லாதே. அவன் கோவிச்சுக்க அந்த ஆஸ்பத்திரியும் அந்தப் பெண்ணும் உண்டு. ஒன்னையும் வெறுத்தான்னா அவனுக்கு ஆரு உண்டு?" என்றார்.

அந்தப் பெண் என்றது உன்னை. சரி என்று தலையாட்டினேன்.

விசாரணை ஆகஸ்ட் பதினெட்டு. நான் வரமாட்டேன், லீவு இல்லை என்று சொல்லியிருக்கிறேன். லீவு இருக்கிறது. என் ஜூன் மாதக் கடிதம் உன்னிடம் இருக்கிறது. அதை நீ என்ன செய்தாலும் சரி. நான் கேட்கமாட்டேன், தடுக்கவும் மாட்டேன். இதற்குமேல் தைரியம் எனக்கு இல்லை.

டெல்னா


குன்னத்துகால்
22 ஆகஸ்ட் 2025

டெல்னா,

விசாரணை முடிந்தது. நான் ஒரு மணிநேரம் பேசினேன். மெல்பின் எதிர்ப்பக்கம் இருந்தான். அதிகாரி ஒரு பெண், பொறுமையானவர். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "குளிகையைப் பற்றி வீட்டில் யாராவது சந்தேகப்பட்டு யாரிடமாவது கேட்டார்களா?" என்றார். உன் ஜூன் மாதக் கடிதம் என் பையில் இருந்தது. மெல்பின் தலை நிமிர்ந்து பார்த்தான்.

எனக்குத் தெரியாது என்றேன்.

உன்னைக் காப்பாற்றுவதற்காக அப்படிச் சொல்லவில்லை. உன் அம்மா சொன்னதற்காகவும் இல்லை. அவன் முகத்தைப் பார்த்தேன், வாய் வரவில்லை. மார்ச்சுக்குப் பிறகு நான் சொன்ன முதல் பொய் அது. அதிகாரி எழுதிக்கொண்டார்.

உன் கடிதத்தை இத்துடன் திருப்பி வைத்திருக்கிறேன். நகல் எடுக்கவில்லை. இனி அது உன்னிடம் இருக்கட்டும். எனக்கு எழுதாதே. இதைக் கோபத்தில் சொல்லவில்லை. உன் எழுத்தைப் பார்த்தால் எனக்கு அந்த மேசையும், அவர் எதிரே இருந்ததும்தான் வருகிறது. உனக்கும் அப்படித்தான் இருக்கும்.

விசாரணைக்குப் பிறகு ஆஸ்பத்திரியில் ஒரு முடிவு எடுத்தார்களாம். தமிழில் எந்தத் தாளும் யாருக்கும் கொடுக்கக் கூடாது. கையால் எழுதியும் கூடாது. இங்கிலீஷ் மட்டும்.

நேற்று காலையில் ஒரு அம்மா என் வீட்டைக் கேட்டுக் கேட்டு வந்தார். ஊரம்பிலிருந்து. கணவருக்கு ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்களாம். முன்பு அவருடைய தங்கைக்கு நான் எழுதிக் கொடுத்திருக்கிறேனாம். நான்கு பக்க இங்கிலீஷ் தாளை நீட்டி, "பிள்ளே, இதுல என்ன எழுதியிருக்குன்னு ஒண்ணு சொல்லித் தா. ஒன்ன விட்டா எனக்கு ஆரையும் அறியாது" என்றார்.

எனக்கு வாசிக்கத் தெரியாது என்றேன்.

பொய் என்று அவருக்குத் தெரியும். பிறகு தாளை நான்காக மடித்து, மழை படாமல் ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டு படி இறங்கினார். ரப்பர் தோட்டம் திரும்பும் வரை பார்த்துக்கொண்டு நின்றேன். கூப்பிடவில்லை.

ஜெஸ்மி